மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: நடையையும் சமநிலையையும் மேம்படுத்தும் உடற்பயிற்சி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் பலர், நோய் உறுதியான நாளிலிருந்து தங்கள் நடமாட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்கின்றனர். விழுந்துவிடுவோமோ என்ற அச்சம், விரைவில் வந்துவிடும் களைப்பு, உடலை வருத்தினால் நோய் முற்றிவிடும் என்ற எண்ணம் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். குடும்பத்தினரும் அக்கறையின் பொருட்டே ஓய்வெடுக்கச் சொல்கின்றனர். ஆயினும், முறையாகத் திட்டமிட்ட உடற்பயிற்சி இந்நோய் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது என்பதும், நடையையும் சமநிலையையும் அது மேம்படுத்தக்கூடும் என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. எந்தப் பயிற்சி, எவ்வளவு, எத்தகைய எச்சரிக்கையுடன் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நோயும் நடையும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் சுருக்கமாக எம்.எஸ். என்றும் குறிப்பிடப்படுகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. உறை சிதைந்த நரம்பில் செய்திகள் மெதுவாகச் செல்கின்றன. சில வேளைகளில் செல்லாமலே நின்றுவிடுகின்றன. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இந்நோய் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது.

நடப்பதற்கு மூளையின் கட்டளை தண்டுவடத்தின் வழியாகக் கால் தசைகளை அடைய வேண்டும். அதில் தடை ஏற்படும்போது கால் வலுவிழக்கிறது, தசைகள் இறுகுகின்றன, பாதத்தின் முன்பகுதி தொய்ந்து தரையில் உரசுகிறது. பாதத் தொய்வு எனப்படும் இந்நிலையில், சமதரையிலும் கால் இடறக்கூடும்.

சமநிலைக்கு மூன்று வகைச் செய்திகள் தேவைப்படுகின்றன. கண்கள் தருவது ஒன்று. உட்காது தருவது மற்றொன்று. பாதங்களும் மூட்டுகளும் தண்டுவடம் வழியாக அனுப்புவது மூன்றாவது. எம்.எஸ். உள்ள பலருக்கு இந்த மூன்றாவது செய்தி தாமதமாகவே மூளையை அடைகிறது. அதனால் அவர்கள் தம்மை அறியாமலேயே கண்களை மிகுதியாக நம்பி நிற்கின்றனர். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கண்களை மூடும் கணத்திலும், இரவில் விளக்கின்றிக் கழிவறைக்குச் செல்லும்போதும் தடுமாற்றம் மிகுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

விழுதல் அரிதான நிகழ்வு அன்று. பல நாடுகளில் திரட்டப்பட்ட தரவுகளின்படி, எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்று மாதக் காலத்தில் ஒரு முறையேனும் விழுகின்றனர். ஒரு முறை விழுந்தவர் அடுத்து நடக்கவே அஞ்சுகிறார். நடப்பது குறையக் குறையத் தசைகள் மேலும் வலுவிழக்கின்றன. அவ்வலுவிழப்பு அடுத்த விழுதலுக்கு வழிவகுக்கிறது.

ஆகவே, உங்கள் நடையில் ஏற்பட்டுள்ள குறை முழுவதும் நோயினால் வந்தது என்று கருத வேண்டியதில்லை. ஒரு பங்கு நரம்புச் சிதைவினால் வருவது. மற்றொரு பங்கு பயன்படுத்தாமையால் வருவது. முதற்பங்கைப் பயிற்சியால் நீக்க இயலாது. இரண்டாம் பங்கைப் பெருமளவு மீட்க இயலும். இப்பக்கத்தில் கூறப்படும் பயிற்சிகள் அந்த இரண்டாம் பங்கை நோக்கியவை.

ஓய்வே மருந்து என்ற பழைய அறிவுரை

1890-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். உள்ள சிலருக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதைக் குறிப்பிட்டார். உண்மையான காரணம் உழைப்பன்று, உழைப்பினால் உயரும் உடல் வெப்பம் என்பது பின்னரே விளங்கியது. மயலின் உறை சிதைந்த நரம்பு, சிறிதளவு வெப்பம் கூடினாலும் செய்தி கடத்தும் திறனை இழக்கிறது; உடல் குளிர்ந்ததும் அத்திறன் திரும்பிவிடுகிறது. இதனால் நரம்புக்கு நிலையான சேதம் உண்டாவதில்லை. எனினும், உடற்பயிற்சியைத் தவிர்க்குமாறு நோயாளிகளுக்கு அறிவுறுத்தும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அவ்வழக்கத்தை மாற்றத் தொடங்கியது. அதில் எம்.எஸ். உள்ளவர்கள் வாரத்திற்கு மூன்று முறை வீதம் 15 வாரங்கள், கைகால்களை இயக்கும் மிதிவண்டிப் பயிற்சியை மேற்கொண்டனர். அவர்களுடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 22 விழுக்காடு உயர்ந்தது.

நோய் தூண்டப்படுமோ என்ற அச்சத்திற்கும் விடை கிடைத்துள்ளது. 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 26 சோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தது. நோய் மீண்டெழுந்தவர்கள் பயிற்சி செய்த பிரிவில் 4.6 விழுக்காடும், செய்யாத பிரிவில் 6.3 விழுக்காடும் ஆவர். பயிற்சி நோயைத் தடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சியால் நோய் மீண்டெழும் வாய்ப்பு கூடுவதில்லை என்பதே இதன் பொருள்.

தொடங்கும் முன்

முதலில் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இதய நோய், நீரிழிவு, எலும்பு மெலிதல், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தவறாமல் கூறுங்கள். அதன் பின்னர், பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவரை ஒருமுறையேனும் நேரில் சந்திக்க வேண்டும். உங்கள் தடுமாற்றத்திற்குத் தசை வலுவின்மை, தசை இறுக்கம், உணர்ச்சிக் குறைவு, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது முதன்மைக் காரணம் என்பதை அவர் கண்டறிவார். காரணம் வேறானால் பயிற்சியும் வேறாகும். ஒருவருக்குப் பயன் தந்த பயிற்சியை மற்றொருவர் அப்படியே பின்பற்றுவது முறையன்று.

நான்கு வகைப் பயிற்சிகள்

1. மூச்சுத் திறன் பயிற்சி. நடத்தல், நிலையான மிதிவண்டி ஓட்டுதல், நீரில் நடத்தல் ஆகியவை இவ்வகையின. மிதமான நோய்ப் பாதிப்பு உள்ளவர்களுக்காகக் கனடாவில் 2013-இல் வெளியான வழிகாட்டுதல், வாரத்திற்கு இரு முறை, முறைக்கு 30 நிமிடம் மிதமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பயிற்சியின்போது பேச இயல வேண்டும். பாட இயலாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். அதுவே மிதமான அளவு. முப்பது நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. மூன்று நிமிடம் நடந்து இரண்டு நிமிடம் அமர்வது என்று பிரித்துக்கொண்டால், பலரால் கால் துவளாமல் கூடுதல் தொலைவு நடக்க முடிகிறது.

2. தசை வலுப் பயிற்சி. தொடை, இடுப்பு, கெண்டைக்கால், முதுகு ஆகியவற்றின் தசைகளே நடையைத் தாங்குபவை. அதே வழிகாட்டுதல், இதையும் வாரத்திற்கு இரு முறை செய்யுமாறு கூறுகிறது. ஒவ்வோர் அசைவையும் 10 முதல் 15 முறை செய்து, ஓரிரு நிமிடம் ஓய்வெடுத்து, இயன்றால் மீண்டும் ஒரு சுற்று செய்யலாம். இரு பயிற்சி நாட்களுக்கு இடையில் ஒரு நாளேனும் இடைவெளி விடுங்கள்.

3. சமநிலைப் பயிற்சி. நடைப்பயிற்சி மட்டும் செய்தால் சமநிலை தானாகவே சீராகிவிடும் என்று எண்ண வேண்டாம். சமநிலை சற்றே சோதிக்கப்படும் நிலையில், பாதுகாப்புடன் நின்று பழகினால்தான் மூளை அதைக் கற்றுக்கொள்கிறது. சுவீடனில் சோதிக்கப்பட்ட ஒரு பயிற்சித் திட்டம் மூன்று கூறுகளை இணைத்தது: உடலின் நடுப்பகுதித் தசைகளை வலுப்படுத்துதல், ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்து பழகுதல், பார்வை, உட்காது, பாத உணர்வு ஆகியவற்றைப் பயன்படுத்திப் பழகுதல். ஏழு வாரங்களில் 14 அமர்வுகளாக நடத்தப்பட்ட இத்திட்டத்திற்குப் பின், பங்கேற்றவர்கள் விழுவது குறைந்தது.

4. தசை நீட்டல். தசை இறுக்கம் உள்ளவர்கள் கெண்டைக்கால் தசையையும் பின்தொடைத் தசையையும் நாள்தோறும் மெதுவாக நீட்ட வேண்டும். ஒவ்வொரு நீட்டலையும் 30 முதல் 60 விநாடி வரை நிலையாக வைத்திருங்கள். வெடுக்கென்று இழுத்தால் இறுக்கம் கூடும்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சிகள்

கீழ்க்காண்பவற்றை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டிய பின்னரே வீட்டில் தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் ஒருவர் அருகில் இருப்பது நல்லது.

நாற்காலியிலிருந்து எழுதல்: கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரையொட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கக்கூடும் என்பதால் அதைத் தவிருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து, உடலை முன்னே சாய்த்து எழுங்கள். அமரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக அமருங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறை வரை உயர்த்தலாம்.

குதிகால் உயர்த்தல்: சமையல் மேடையை இரு கைகளாலும் பிடித்து நின்று, குதிகால்களை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். இது நடையில் காலை முன்தள்ளும் தசையை வலுப்படுத்துகிறது. மேடையருகே அடுப்பு எரியாதிருக்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

மூலையில் நிற்றல்: அறையின் மூலையில், இரு சுவர்களும் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, முன்னே ஒரு நாற்காலியை வைத்துக்கொள்ளுங்கள். எப்பக்கம் சாய்ந்தாலும் தாங்கல் கிடைக்கும். முதலில் பாதங்களை அகற்றி நில்லுங்கள். பின்னர் பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். அடுத்து ஒரு பாதத்தை மற்றதற்குச் சற்று முன்னே வைத்து நில்லுங்கள். ஒவ்வொரு நிலையிலும் 30 விநாடி தடுமாறாமல் நிற்க இயன்ற பின்னரே அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும். கண்களை மூடி நிற்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யக் கூடாது.

பார்வையை நிறுத்தித் தலையைத் திருப்புதல்: சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து பார்வை விலகாமல் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். முதலில் அமர்ந்து செய்யுங்கள். தலைசுற்றல் மிகுந்தால் நிறுத்திவிடுங்கள். சமநிலைப் பயிற்சியுடன் கண்ணசைவுப் பயிற்சியை இணைத்த திட்டம் எம்.எஸ். உள்ளவர்களின் சமநிலையை மேம்படுத்தியதை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியுள்ளது.

இரு வேலை நடை: பிடிமானமுள்ள நீண்ட நடைகூடத்தில் நடந்தபடியே, கிழமைகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுங்கள். தெருவில் நடக்கும்போது பேச்சும் கவனமும் பிரிவதால் ஏற்படும் தடுமாற்றத்திற்கு இது பயிற்சியாகிறது.

சக்கர நாற்காலி பயன்படுத்துவோரும் பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் அல்லர். அமர்ந்த நிலையில் உடலை முன்னும் பக்கவாட்டிலும் சாய்த்து மீளுதல், கையால் சுழற்றும் கருவி, தாங்கிச் சட்டத்தில் நின்று பழகுதல் ஆகியவை அவர்களுக்கு உரியவை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறும் திறன் நிலைத்திருப்பது, அவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் பேருதவியாகும்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்த வேண்டாம். நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களிடம் இத்தாலியில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ரோபோ துணையுடன் நடக்கும் பயிற்சி, வழக்கமான நடைப் பயிற்சியைவிடச் சிறந்த பலனைத் தரவில்லை.

வெப்பத்தைக் கையாளுதல்

நம் பகுதியின் வெயிலில் இது தனிக் கவனம் பெற வேண்டியது. அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பின்னரோ பயிற்சி செய்யுங்கள். மின்விசிறியின் கீழ், மெல்லிய பருத்தி உடையுடன் செய்யுங்கள். தொடங்கும் முன்னும் இடையிலும் குளிர்ந்த நீர் அருந்துங்கள். கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொள்ளலாம். சிறுநீர் அவசரத்திற்கு அஞ்சி நீர் அருந்துவதைக் குறைக்க வேண்டாம். பயிற்சிக்கு முன் கழிவறைக்குச் சென்று வருவதே முறை.

பயிற்சியின்போது பார்வை மங்குவதோ கால் கனப்பதோ நேர்ந்தால் அச்சமடைய வேண்டாம். உடனே நிறுத்தி, அமர்ந்து, உடலைக் குளிர்வியுங்கள். வெப்பத்தால் வந்த அறிகுறி, உடல் குளிர்ந்ததும் குறையும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் பழைய நிலை திரும்பிவிடும்.

களைப்பு வரும்போது

பயிற்சிக்குப் பின் இயல்பான களைப்பு வரும்; சிறிது ஓய்வில் நீங்கும். மறுநாளும் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாத அளவு களைப்பு நீடித்தால், பயிற்சி மிகுந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். முழுவதும் கைவிட வேண்டாம். வீட்டு வேலை மிகுந்த நாளில் பயிற்சியைச் சுருக்கிக்கொள்வதும் முறையான திட்டமிடலே.

விழாதிருக்க வீட்டில் செய்ய வேண்டியவை

குளியலறையிலும் கழிவறையிலும் கைப்பிடி பொருத்துங்கள்; தரையை ஈரமின்றி வையுங்கள். நாற்காலியில் அமர்ந்து குளியுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். உயர்ந்த நிலைப்படிகளில் பளிச்சென்ற வண்ணம் பூசுங்கள். சுருளும் மிதியடிகளை அகற்றுங்கள். பாதத் தொய்வு உள்ளவர்களுக்குக் கழன்று விழும் ரப்பர் செருப்பு ஏற்றதன்று. பின்வாருள்ள காலணியே பாதுகாப்பானது. கணுக்காலைத் தாங்கும் உறையும் கைத்தடியும் தோல்வியின் அடையாளங்கள் அல்ல. அவை கூடுதல் தொலைவு நடக்க உதவுகின்றன.

பராமரிப்பவர்களுக்கு

நடைக்குத் துணைநிற்கும்போது வலுக்குறைந்த பக்கத்தில், சற்றுப் பின்னே நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்; இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடிப்பது இருவருக்கும் பாதுகாப்பானது. அவர் விழுந்துவிட்டால் உடனே தூக்க முற்படாதீர்கள். வலியோ காயமோ உள்ளதா என்று முதலில் கேளுங்கள். இல்லையெனில், அவர் ஒருக்களித்துத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, அருகில் வைத்த நாற்காலியைப் பற்றி எழுவதற்கு உதவுங்கள். இம்முறையை நல்ல நிலையில் இருக்கும்போதே பழகிக்கொள்வது நன்று.

அவரால் செய்ய இயலும் வேலையை, நேரம் கூடினாலும் அவரே செய்யவிடுங்கள். தண்ணீர்க் குவளையைத் தாமே எழுந்து சென்று எடுப்பதும் பயிற்சியே ஆகும்.

முன்னேற்றத்தை அளத்தல்

மருத்துவமனைகளில் 25 அடி, அதாவது 7.62 மீட்டர் தொலைவை நடக்க ஆகும் நேரம் அளக்கப்படுகிறது. இந்நேரத்தில் 20 விழுக்காடு மாற்றம் இருப்பின், அது பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கொள்ளப்படுகிறது. வீட்டிலும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே காலணியுடன், நாளின் ஒரே வேளையில் அளந்து குறித்துக்கொள்ளலாம். தடுமாறிய, விழுந்த நிகழ்வுகளையும் நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது அக்குறிப்பேடு மிகவும் பயன்படும்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பயிற்சியை நிறுத்தினால் பெற்ற பலனும் குறையும். நோயின் போக்கை மட்டுப்படுத்தும் மருந்துகளுக்குப் பயிற்சி மாற்றாகாது. அவற்றைத் தவறாமல் தொடர வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

புதிய அறிகுறியோ, பழைய அறிகுறியின் தீவிரமோ 24 மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் நோய் மீண்டெழுந்திருக்கக்கூடும். பயிற்சியை நிறுத்திவைத்து மருத்துவரை அணுகுங்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவையும் நடையைத் திடீரெனக் குலைக்கும். அவை குணமாகும் வரை பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலி, மயக்கம், தலையில் அடிபடுதல், விழுந்த பின் காலை ஊன்ற இயலாமை ஆகியவற்றுக்கு உடனடி மருத்துவ உதவி தேவை. 108 அவசர ஊர்தியை அழையுங்கள். நோய் தணிந்த பின், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலுடன் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

உதவி பெறும் வழிகள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் மற்றும் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளை அணுகலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிலேயே அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் குறிப்பிடப்பட்டுள்ள 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. ஆகவே, உரிய மதிப்பீட்டிற்குப் பின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

நினைவில் கொள்க: இன்று ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழ இயன்றால், அந்த ஐந்திலிருந்தே தொடங்குங்கள். அளவு சிறிதாக இருப்பதில் குறையில்லை; வாரந்தோறும் விடாமல் செய்வதே பலன் தரும்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்கானது. உங்களுக்கு ஏற்ற பயிற்சியை உங்கள் மருத்துவரும் இயன்முறை மருத்துவருமே முடிவு செய்ய வேண்டும்.